வீட்டு மராமத்தும் ஐந்தொகையும்

வீட்டு மராமத்து வேலை முடிச்ச யாரையாவது பிடிச்சு "மொத்தம் எவ்வளவுங்க ஆச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. "அது ஆச்சு, ஒரு அஞ்சு, அஞ்சரை"ம்பாங்க. அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவுல இருக்கிற அம்பதாயிரம் எங்க போச்சுன்னு கேட்டா முகம் மாறும். அதுக்கு மேலயும் கேட்டா அடுத்த விசேஷத்துக்கு நம்மளைக் கூப்பிட மாட்டாங்க :-)

நான் சொல்ல வர்றது ரொம்ப சிம்பிள். வீட்டு வேலைக்குக் கணக்கு எழுதணும். அதையும் ஒழுங்கான ஒரு கணக்கு மென்பொருள்ல எழுதணும். ஆனா "மொத்தம் எவ்வளவு ஆச்சு"ங்கிறதைத் தெரிஞ்சுக்கறதுக்காக இல்லை. அது போனாப் போகுது. போன காசு போனதுதான். காரணம் வேற. அதைச் சொல்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ப் பக்கத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்.

உப்புக்காத்து கணக்கு

மதுரையிலயோ சேலத்துலயோ ஒரு வீட்டைக் கட்டிட்டு இருபது வருஷம் வெள்ளையடிச்சே ஓட்டிடலாம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் அந்தக் கதை நடக்காது. காத்துல உப்பு. கிணத்துத் தண்ணியில உப்பு. சுவத்தைச் சுரண்டினா உப்பு. தளத்துக்குள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு உப்பி, காரை பெயர்ந்து சோத்துத் தட்டுல விழும். ஜன்னல் கம்பியைக் கையால ஒடிக்கலாம். இங்க வீட்டு மராமத்துங்கிறது ஒரு தடவை செஞ்சு முடிக்கிற வேலை இல்லை, மாசச் சந்தா மாதிரி. என்ன, பில் மட்டும் நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா வரும்.

இது ஏதோ நம்ம புலம்பல்னு நினைக்காதீங்க. துருப்பிடிக்கிறதுல உலகத்துலயே மியாமிக்கு அடுத்தது பாம்பன்தான்னு அடிக்கடி சொல்லுவாங்க. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (1953ல திறந்தது, அதுக்கு நிலமும் பணமும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார்) துருவைப் பத்தி ஆராயறதுக்கு மண்டபத்துல தனியா ஒரு சோதனை நிலையமே வச்சிருக்கு. துரு எப்படிப் பிடிக்கும்னு பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்ன!

பாம்பன் பாலத்தையே எடுத்துக்கோங்க. 1914ல திறந்த பழைய ரயில் பாலத்துல 2022 டிசம்பரோட ரயிலை நிறுத்திட்டாங்க. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தாங்க. செலவு ஐந்நூறு கோடிக்கு மேல. அதுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டிருக்காங்க, துரு ஏறாம இருக்க பாலிசிலாக்ஸேன் பூச்சு அடிச்சிருக்காங்க, இணைப்பெல்லாம் முழுசா வெல்டிங். சாதாரணக் கம்பியும் சாதாரண பெயிண்டும் போட்டிருந்தா செலவு கம்மியாகியிருக்கும். ஏன் போடலை? இன்னிக்கு என்ன விலைங்கிறதோட, எத்தனை வருஷம் நிக்கும்ங்கிறதையும் சேர்த்துப் பார்த்ததாலதான்.

நம்ம வீட்டுக்கு மட்டும் நாம அப்படிப் பார்க்கறதே இல்லை. மூணு பேர்கிட்ட ரேட்டு கேட்டு, எது கம்மியோ அதைப் பிடிக்கிறோம். நாலு வருஷம் கழிச்சு அதே மூணு பேர்கிட்ட மறுபடி ரேட்டு கேக்குறோம்.

ஒரு உதாரணம். தளத்துல பெயர்ந்த இடத்தை மட்டும் பூசி மெழுகுறதுக்கு 60,000 ரூபாய், அது 4 வருஷம் தாங்குதுன்னு வைங்க. துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சடிச்சு, மேல ஒழுங்கா தட்டோடு பதிக்க 1,40,000 ரூபாய், அது 14 வருஷம் தாங்குது. முதல் வேலை வருஷத்துக்கு 15,000. ரெண்டாவது வருஷத்துக்கு 10,000. எது மலிவு? ரெண்டாவதுதான். ஆனா இந்தக் கணக்கைப் போட ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். போன தடவை எந்த வருஷம், எந்த இடத்துல, என்ன வேலை, எவ்வளவுக்கு செஞ்சோம்? வீட்டுல கேட்டுப் பாருங்க. "உங்க அத்தை பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி"ன்னு பதில் வரும் :-)

கணக்கு எழுதச் சொல்றது இதுக்குத்தான். நம்ம வீட்டுல எந்த மராமத்து எத்தனை வருஷம் நிக்குதுன்னு சொல்ற புள்ளிவிவரம் எந்தக் கம்பெனி விளம்பரத்துலயும் கிடைக்காது. நம்ம ஏட்டுல மட்டும்தான் கிடைக்கும்.

எஸ்.எம்.எஸ். படிக்கிற ஆப் ஏன் ஆகாது?

"அதான் போன்ல ஆப் இருக்கே, பேங்க் மெசேஜைப் படிச்சு அதுவே கணக்குப் போட்டுடுமே"ன்னு கேப்பீங்க. ஓட்டல் பில்லு, பெட்ரோல், மளிகை இதுக்கெல்லாம் அது ஓகே. வீட்டு வேலைக்குச் சுத்தமா ஆகாது.

ஏன்னா வீட்டு வேலை ஓடறது சனிக்கிழமை சம்பளத்துல. வெள்ளிக்கிழமை ஏ.டி.எம்.ல 20,000 எடுப்பீங்க. ஆப்புக்குத் தெரிஞ்சது அந்த 20,000 மட்டும்தான். அது கொத்தனாருக்கு எவ்வளவு, சித்தாளுக்கு எவ்வளவு, டீ வடைக்கு எவ்வளவுன்னு பிரிஞ்ச கதை அதுக்குத் தெரியாது. கொத்தனாருக்கு யு.பி.ஐ.ல போட்டாலும் அது அவர் பையன் நம்பருக்குப் போகும். பேர் வேற. ஹார்ட்வேர் கடையில துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு பொருளை இறக்கிடுவாங்க, காசு அடுத்த மாசம். காசு நகராத வரைக்கும் மெசேஜ் வராது, மெசேஜ் வராத வரைக்கும் ஆப்பைப் பொறுத்தவரை செலவே இல்லை.

இன்னொண்ணு, ஆப்புக்கு ஆயுசு கம்மி. 1991ல வந்த மைக்ரோசாஃப்ட் மணியை 2009ல நிறுத்தினாங்க. அமெரிக்காவுல லட்சக்கணக்கான பேர் வச்சிருந்த மின்ட் 2024 மார்ச்ல மூடிட்டாங்க. வீட்டுக் கணக்கு இருபது, முப்பது வருஷம் கழிச்சும் தேவைப்படும். அதனால மென்பொருளைவிட, கணக்கை வெளிய எடுக்க முடியுமாங்கிறதுதான் முக்கியம். நான் சிபாரிசு பண்றது க்னுகேஷ். 1998லேருந்து இருக்கு, இலவசம், திறந்த மூலம், 2007லேருந்து விண்டோஸ்லயும் ஓடுது. கணக்குப் பேரெல்லாம் தமிழ்லயே எழுதிக்கலாம். பொட்டி தட்டறவங்களுக்கு லெட்ஜர்னு ஒண்ணு இருக்கு, வெறும் டெக்ஸ்ட் ஃபைல்லயே கணக்கு எழுதலாம். எது வச்சாலும் சரி, ரெட்டைப் பதிவு கணக்கா இருக்கணும்.

ரெட்டைப் பதிவு - பயப்படாதீங்க

இது காமர்ஸ் க்ரூப் சமாச்சாரம்னு நம்மாளுங்க ஓடுவாங்க. விஷயம் ஒரே வரிதான். காசு எங்கிருந்து கிளம்பிச்சு, எங்க போய்ச் சேர்ந்துச்சு, ரெண்டையும் எழுதணும். அவ்வளவுதான்.

1494ல வெனிஸ்ல லூக்கா பாச்சோலி இதைப் புத்தகமா அச்சுல போட்டார். ஆனா நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகைன்னு கணக்குக்குத் தனி அகராதியே வச்சு பர்மா, மலேயா, சிலோன் வரைக்கும் வட்டிக்கடை நடத்தினவங்க நகரத்தார். 1985ல பிரியற வரைக்கும் செட்டிநாடும் ராமநாதபுரம் மாவட்டம்தான். ஒரே ஜில்லாக்காரங்க. அவங்க ஏட்டுல எழுதினதைத்தான் க்னுகேஷ் ஸ்க்ரீன்ல எழுதச் சொல்லுது.

வீட்டு வேலையில இது எங்க உதவும்னு பார்ப்போம். எல்லாம் உதாரண நம்பர்தான்.

கொத்தனாருக்கு 10,000 அட்வான்ஸ் கொடுக்கறீங்க. முதல் வாரம் ஆள் கூலி 8,400. அட்வான்ஸ்ல 3,000 கழிச்சுக்கிட்டு 5,400 கையில கொடுக்கறீங்க. ரெண்டாவது வாரம் கூலி 9,000. 2,000 கழிச்சு 7,000 கையில. கடையில கடனுக்கு 31,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கியிருக்கீங்க. பிரிக்காத நாலு மூட்டை சிமெண்டைத் திருப்பிக் கொடுத்ததுல 1,600 கழிவு.

நோட்டுல எழுதறவர் என்ன எழுதுவார்? 10,000, 5,400, 7,000. ஆக மொத்தம் 22,400 செலவு.

நிஜம் என்ன? கூலி 17,400. பொருள் 29,400. செலவு 46,800. இது தவிர கொத்தனார்கிட்ட நம்ம காசு இன்னும் 5,000 நிக்குது. கடைக்கு நாம 29,400 தரணும்.

பாருங்க, நோட்டுல இருக்கிறதைவிட ரெண்டு மடங்குக்கு மேல. "பட்ஜெட்டுக்குள்ளதான் போயிட்டிருக்கு"ன்னு நிம்மதியா இருக்கிறவரை ஆறாவது வாரம் கடைக்காரர் சீட்டு கட்டு கட்டா நீட்டும்போது பார்க்கணும். அதே மாதிரி, அட்வான்ஸ் கழிஞ்சதா இல்லையாங்கிறதுல வர்ற தகராறுல பாதி நடுவுலயே நின்னுபோன வேலை. கொத்தனார் ஏமாத்தறார்னு நாம சொல்லுவோம், வீட்டுக்காரர் ஏமாத்தறார்னு அவர் சொல்லுவார். ரெண்டு பேரும் ஞாபகத்தை நம்பிப் பேசறவங்கதான்.

அதனால அட்வான்ஸ் செலவு இல்லை. அது நம்ம சொத்து, இன்னொருத்தர் கையில இருக்கு. கடைப் பாக்கி கண்ணுக்குத் தெரியலைன்னாலும் அது கடன். இந்த ரெண்டை மட்டும் தனித்தனி கணக்கா வச்சுட்டாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சுது.

கணக்கை எப்படிப் பிரிக்கிறது?

ஆரம்பத்துல எல்லாரும் சிமெண்ட், மணல், கம்பி, பெயிண்ட்னு பொருள் வாரியா பிரிப்பாங்க. என் கருத்து, வேலை வாரியா பிரிக்கணும். தளம், ஒயரிங், பாத்ரூம், முன்பக்கச் சுவர். அதுக்குக் கீழ பொருள், கூலி, வண்டி வாடகை, தண்ணி. ஏன்னா அஞ்சு வருஷம் கழிச்சு நமக்கு வர்ற கேள்வி "சிமெண்டுக்கு எவ்வளவு போச்சு" இல்லை, "தளத்துக்கு எவ்வளவு போச்சு"தான்.

பொருளை எழுதும்போது ரூபாயோட அளவையும் எழுதுங்க. எத்தனை மூட்டை, எத்தனை யூனிட் எம்-சாண்ட், எத்தனை லிட்டர். விலை மாறிக்கிட்டே இருக்கும். 2025 செப்டம்பர் 22லேருந்து சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்துலேருந்து 18 ஆச்சு. அதுக்கு முன்னாடி போட்ட எஸ்டிமேட்டெல்லாம் அன்னிக்கே பழசாப் போச்சு. ஆனா நம்ம தளத்தோட அளவு மாறாது. அளவு இருந்தா புது ரேட்டைப் போட்டு நாமளே எஸ்டிமேட் எழுதிடலாம்.

தண்ணியைத் தனியா எழுதச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. கம்பி போட்ட கான்க்ரீட்டுக்குக் கலக்கற தண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு இருக்கக் கூடாதுங்கிறது ஐ.எஸ். 456 விதி. கடலோர வீட்டுக்குக் குறைஞ்சது எம்30 கலவை, கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் கவர்னும் அதே விதி சொல்லுது. நம்ம பக்கம் போர் தண்ணியில முகம் கழுவினாலே எரியுது. அதனால தண்ணி லாரிக்குச் செலவு வந்தே ஆகணும். தளம் போட்ட மாசத்துல தண்ணிக் கணக்கு பூஜ்யமா இருந்தா, காசு மிச்சம்னு சந்தோஷப்படாதீங்க. யாரோ போரைத் திறந்து விட்டிருக்காங்கன்னு அர்த்தம். அடுத்த மராமத்துக்கு அன்னிக்கே பூமி பூஜை போட்டாச்சு.

பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின பழைய வீடு வச்சிருக்கவங்களுக்கும் இது பொருந்தும். 2001லேருந்து பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. அதே கல்லை மறுபடி வாங்க முடியாது. எந்தச் சுவத்துல எந்தக் கலவை போட்டோம், எது நின்னுச்சு, எது உதிர்ந்துச்சுங்கிற குறிப்பு அவங்களுக்குத் தங்கம்.

அப்புறம் கடைசியா ஒரு கணக்கு கண்டிப்பா திறங்க. பேரு "வந்ததோட வந்தது". "கொத்தனார் வந்தது வந்தாரு, அப்படியே திண்ணையையும் பார்த்துடலாமே"ன்னு வீட்டுல ஒரு குரல் கேக்கும் பாருங்க, அதுக்கு. சாஃப்ட்வேர்காரங்க இதை ஸ்கோப் க்ரீப்னு சொல்லி க்ளையன்ட்டைத் திட்டுவாங்க. வீட்டுல க்ளையன்ட் அம்மா. திட்ட முடியாது. கணக்கு மட்டும்தான் எழுத முடியும் :-)

சொந்தக்காரங்களுக்குள்ள கணக்கா?

இப்பத்தான் முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

நம்ம பக்கம் நிறைய வீட்டை நிமிர்த்தினது வெளியூர்க் காசு. ஒருத்தர் துபாய்லயோ சவூதியிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பார், இல்லேன்னா நம்மளை மாதிரி சென்னை, பெங்களூர்ல. காசு அங்கிருந்து வரும். ஊர்ல இருக்கிற அப்பாவோ தம்பியோ மச்சானோ நின்னு வேலை வாங்குவாங்க. வேலை முடிஞ்சதும் கேள்வி வரும், "அவ்வளவு காசு அனுப்பினேனே, இவ்வளவுதானா?"

கேக்கறவர் மேலயும் தப்பில்லை. அவர் பார்த்தது தன் அக்கவுண்டுலேருந்து போன தொகையை. ஊர்ல இருக்கிறவர் பார்த்தது வெயில்ல நின்ன ரெண்டு மாசத்தை. இடையில கணக்கு இல்லாத இடத்துல சந்தேகம் வந்து குடியேறிடும். அந்தச் சந்தேகத்துல பேச்சுவார்த்தை இல்லாம போன அண்ணன் தம்பிகளை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

"சொந்தக்காரங்களுக்குள்ள என்ன கணக்கு, நம்பிக்கை இல்லையா?"ன்னு பெரியவங்க கோவிச்சுக்குவாங்க. நான் நேர்மாறா சொல்றேன். கணக்கு கேக்கறதுதான் அவமானம். கேக்கறதுக்கு முன்னாடியே இருந்துட்டா அவமானம் இல்லை. அது ஊர்ல நின்னு வேலை பார்த்தவருக்குப் பாதுகாப்பு. பத்து வருஷம் கழிச்சு பாகம் பிரிக்கும்போது யார் எவ்வளவு போட்டாங்கன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லும்போது, வாயடைக்கிறது ஐந்தொகை ஒண்ணுதான். க்னுகேஷ்ல முதல்னு ஒரு பிரிவு இருக்கு. அதுல "அண்ணன் போட்டது", "நான் போட்டது", "அப்பா போட்டது"ன்னு தனித்தனியா திறந்துடுங்க.

இதுல எல்லாரும் விடற ஒரு ஆள் உண்டு. அம்மா. வேலை நடுவுல காசு தட்டுப்பட்டா நகை அடகுக்குப் போகும். மூணு லட்சம் வாங்கினா, வருஷத்துக்குப் பத்து சதவீதம்னு வச்சாலும் 30,000 வட்டி. அந்த வட்டி வீட்டு வேலையோட செலவு, அதை யாரும் எழுத மாட்டாங்க. கடைசியில நகையை மீட்க முடியாம போச்சுன்னா, அந்த நகை மொத்தமும் அம்மா இந்த வீட்டுல போட்ட முதல். அது எந்தக் கணக்குலயும் ஏறாது. "பையன் அனுப்பின காசுல கட்டின வீடு"ன்னு ஊர் சொல்லும். அதனால நகைக்கடன்னு ஒரு கணக்கு, அதுக்கு வட்டின்னு ஒரு கணக்கு, "அம்மா போட்டது"ன்னு ஒரு கணக்கு. வேற எதை விட்டாலும் இதை விடாதீங்க.

சர்க்காருக்கும் கணக்கு வேணும்

குடியிருக்கிற வீட்டை மராமத்து பார்க்க வாங்கின கடனோட வட்டிக்கு, பழைய வரி முறையில இருக்கிறவங்க வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரைக்கும் கழிவு கேக்கலாம். அப்புறம், என்னிக்காவது வீட்டை வித்தா, அதை மேம்படுத்தச் செஞ்ச செலவை லாபத்துலேருந்து கழிக்கலாம். சும்மா வெள்ளையடிச்சது சேராது, புதுசா ஒரு ரூம் எடுத்தது சேரும். 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின வீடுன்னா, இங்க குடியிருக்கிற தனிநபர்கள் பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதமா, சரிக்கட்டாம 12.5 சதவீதமான்னு ரெண்டையும் போட்டுப் பார்த்து எது கம்மியோ அதைக் கட்டலாம். அதுக்கு எந்த வருஷம் எவ்வளவு செலவுங்கிறது வேணும். கடையில கொடுக்கிற பில்லு ஒரு வருஷத்துல வெள்ளைத் தாளாயிடும். அன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க.

யாருக்கு நேரம் இருக்கு?

இருக்கு. சனிக்கிழமை ராத்திரி பத்து நிமிஷம். ஊர்ல இருக்கிறவரை க்னுகேஷ் கத்துக்கச் சொன்னா அடிக்க வருவாங்க, தேவையும் இல்லை. துண்டுச் சீட்டை வாட்ஸப்ல போட்டோ எடுத்து அனுப்பட்டும், ஆள் கூலியை வாய்ஸ் நோட்டா சொல்லட்டும். ஏ.சி. ரூம்ல உக்காந்திருக்கிற நாம ஏத்துவோம். ஏத்தி முடிச்சதும் கொத்தனார்கிட்ட நிக்கிற பாக்கியையும் கடைப் பாக்கியையும் ஒரே வரியில திருப்பி அனுப்பிடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு பேர்கிட்டயும் சரிபார்த்துட்டா, அந்த வாரத்துக்குத் தகராறு கிடையாது.

ஒரு ரூமுக்கு பெயிண்ட் அடிக்கறதுக்கெல்லாம் இவ்வளவு வேண்டாம், நோட்டு போதும். ரெண்டு ஆளுக்கு மேல, மூணு வாரத்துக்கு மேல, இல்லேன்னா ஒருத்தருக்கு மேல காசு போடறாங்கன்னா மென்பொருளுக்குப் போயிடுங்க.

கணக்கு எழுதினா செலவு குறையுமான்னா, அந்தத் தடவை பெருசா குறையாது. சிமெண்டு நம்ம கணக்கைப் பார்த்து விலை இறங்காது. ஆனா அடுத்த தடவை காரை பெயரும்போது, "போன தடவை என்ன பண்ணோம், எத்தனை வருஷம் நின்னுச்சு"ங்கிற கேள்விக்கு வீட்டுல பதில் இருக்கும். உப்புக்காத்து எப்படியும் திரும்ப வரும். அது வர்றப்போ நம்ம கையிலயும் ஒரு ஏடு இருக்கட்டும்.

டிஸ்கி: நான் ஆடிட்டரும் இல்லை, சிவில் இன்ஜினியரும் இல்லை, பொட்டி தட்டறவன். வரிக்கு உங்க ஆடிட்டரையும், தளத்துக்கு ஒரு நல்ல இன்ஜினியரையும் கேட்டுக்கோங்க. அவங்களுக்குக் கொடுத்த ஃபீஸையும் மறக்காம கணக்குல எழுதிடுங்க :-)